நெளிய வைக்கும் நேரம்

நாலு பேர் கூடிய இடத்தில் ஒருவரை நெளிய வைப்பதிலே நமக்குத் தனி இன்பம் உண்டு. ஒப்புக்கொள்கிறோம், தோழர்களே!

உறவினர் வீட்டிலிருந்து விடைபெறும்போது கடிகாரத்தைப் பார்ப்போம். "ஞாயிறு மாலை நாலரை, இராகு காலம் பிறந்துவிட்டது. புறப்படலாம்!" என்போம். பெரியவர் நெளிவார். ஆறு மணிவரை நம்மை இருத்தி வைக்க இன்னொரு குவளை காப்பி வரும். காப்பியையும் குடிப்போம், அந்த நேரத்திலேயே புறப்படவும் செய்வோம்! பகற்பொழுதை 8 கூறாக்கி, அதில் ஒன்றை இராகுவுக்குப் பட்டா எழுதிக் கொடுத்தது பஞ்சாங்கம். வானிலே அப்படியொரு கோள் உண்டா? இல்லை. நிலவின் பாதையும் கதிரவனின் பாதையும் வெட்டிக்கொள்ளும் புள்ளி அது; அவ்வளவே. இரயில் இராகு காலத்தில் கிளம்பினால் பெரியவரும் அதில் ஏறத்தானே செய்கிறார்!

"தம்பி, நீங்க எந்தப் பக்கம்?" என்று சிலர் சுற்றி வளைப்பார்கள். ஊரைக் கேட்பார்கள், தெருவைக் கேட்பார்கள், குலதெய்வத்தையும் கேட்பார்கள். "சாதியா கேட்கிறீர்கள்?" என்று கூடமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கக் கேட்போம். "சேச்சே!" என்பார், நெளிந்தபடி. சாதிப் பட்டத்தை விட்டொழிக்கச் செங்கற்பட்டு மாநாடு தீர்மானித்தது 1929-இல். இன்றோ, கேட்கவும் கூச்சம், கேளாதிருக்கவும் முடியவில்லை. அந்தக் கூச்சம் அளவுக்கேனும் நாம் வென்றிருக்கிறோம்!

ஆனால், தோற்ற கதையும் ஒன்று உண்டு.

நண்பர் ஒருவரின் சுயமரியாதைத் திருமணம். மணமகனின் அத்தை, கணவனை இழந்தவர், கடைசி வரிசையில் ஒதுங்கி அமர்ந்திருந்தார். "மாலையை அத்தை எடுத்துக் கொடுப்பார்!" என்று மேடையிலிருந்து அறிவித்தோம். மண்டபம் நெளிந்தது, நாம் மகிழ்ந்தோம். அத்தை வந்தார். கைகள் நடுங்கின. தலை நிமிரவில்லை. மாலையைக் கொடுத்தார், பந்திக்கு இருக்காமலே போய்விட்டார்.

மறுநாள் பார்க்கப் போனோம். "ஊரை நெளிய வைக்க என்னைக் கூப்பிட்டீர்கள், தம்பி. வருகிறாயா என்று என்னை ஒரு வார்த்தை கேட்டீர்களா?" என்றார்.

இம்முறை நெளிந்தது நாம்.

அண்ணாவின் ஆட்சி 1967-இல் சட்டம் இயற்றிச் சுயமரியாதைத் திருமணத்திற்கு ஏற்பளித்தது. சுயமரியாதை என்ற சொல்லுக்குப் பொருளை அந்த அம்மையாரே நமக்கு விளக்கினார். அடுத்த ஆண்டு இளைய மருமகனுக்கு மணம். முன்கூட்டியே சென்று கேட்டோம். சிறிது நேரம் எண்ணிப் பார்த்தவர், "வருகிறேன், மாலை மட்டும் போதாது, நானும் இரண்டு வார்த்தை பேசுவேன்" என்றார். பேசினார். அன்றும் சிலர் நெளிந்தனர், அத்தை நெளியவில்லை.

தோழர்களே, கேலி நமக்குக் கூரிய கருவி. ஆதிக்கத்தை நெளிய வையுங்கள். மூடத்தனத்தை முகம் சுளிக்க வையுங்கள். எவருக்காகப் போராடுகிறோமோ அவரே கூனிக் குறுகினால், அது பகுத்தறிவுப் பணியாகாது. அங்கே அவரைப் பகடைக்காயாக்கி ஆடும் இன்னோர் ஆதிக்கக்காரர் ஆகிவிடுகிறோம் நாம்.