காதா, மிஷினா?

நான் தபால் இலாகாவில் சேர்ந்த புதிதில், வீட்டில் ரேடியோ வைத்திருந்தால் வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும். கட்டும் இடம் போஸ்ட் ஆபீஸ். லைசென்ஸ் புத்தகத்தைக் கவுண்டரில் நீட்டுவார்கள், நாங்கள் பணம் வாங்கிக்கொண்டு முத்திரை குத்திக் கொடுப்போம். அந்த ரேடியோ ரிப்பேரானால் என்ன செய்வார்கள்? வாங்கின கடைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். கடைக்காரர் தெருவில் தெரிந்தவர், கோயிலில் பார்ப்பவர், கல்யாணத்தில் பக்கத்து இலையில் சாப்பிடுபவர். அவர் முகம்தான் கேரண்டி.

இப்போது விற்பவர் ஒருவர், தயாரிப்பவர் இன்னொருவர், ரிப்பேர் செய்வது மூன்றாவது ஆள். மூவரில் யாரைப் பிடித்தாலும் மற்ற இருவரைக் கை காட்டுவார்கள். முகத்துக்குப் பதிலாகப் பெட்டிக்குள் ஒரு மடித்த காகிதம் இருக்கிறது. பூதக் கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத எழுத்தில், எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று பட்டியல் போட்டிருக்கும். நம் வயதுக்காரர்கள் பலர், அந்தக் காகிதம் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் நமக்கு உரிமை இல்லை என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை என்பதை என் அக்காவின் காது மிஷின் விஷயத்தில் நேரில் பார்த்தேன். உங்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

அக்கா என்னை விட ஐந்து வயது பெரியவள். ஆரம்பப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அத்திம்பேர் போன பிறகு கும்பகோணத்தில் எங்கள் தெருவிலேயே தனியாக இருக்கிறாள். காது மந்தமாகி, 2022 பிப்ரவரியில் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஒரு பெரிய கடையில் இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கினார்கள். விலை 72,000 ரூபாய். கடையிலேயே காதைச் சோதித்து, அங்கிருந்த நிபுணர்தான் இன்ன மாடல் என்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். இரண்டு வருட வாரண்டி.

மிஷின் வந்த பிறகு அக்கா பழைய அக்காவானாள். வாசலில் நின்று காய்காரியிடம் பேரம் பேசினாள். பேரன் போனில் பேசினால் அவளே பதில் சொன்னாள், என்னை மொழிபெயர்ப்பாளனாக வைத்துக்கொள்ளவில்லை.

பதினைந்தாம் மாதம், 2023 மே, நல்ல வெயில். மிஷின் கரகரவென்றது, சத்தம் இறங்கியது, சில நேரம் அடியோடு நின்றது. புது பேட்டரி போட்டும் பயனில்லை. அக்கா மகள் கடைக்கு எடுத்துப் போனாள். அங்கே அவளிடம் சொன்னது இது: "அம்மாவுக்கு வயசாகுது இல்லையா மேடம், காது இன்னும் இறங்கியிருக்கும். இதைவிடப் பவர் ஜாஸ்தியான மாடல் போட்டாத்தான் சரியா வரும்." அந்த மாடல் ஒரு லட்சத்துக்கு மேல். பழையதை எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொள்வார்களாம்.

வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டார்கள். அக்காவும் நம்பிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "எனக்கு எழுபத்தஞ்சு ஆயிடுத்துடா. இனிமே இப்படித்தான் இருக்கும். விட்டுடு" என்றாள். பேச்சு குறைந்தது. விசேஷங்களில் சுவரோரமாக நாற்காலி போட்டுக்கொண்டு, எல்லோரும் சிரித்தால் அவளும் சிரிப்பாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் சிரிக்கிற சிரிப்பை நீங்கள் பார்த்திருந்தால், நான் ஏன் அடுத்த எட்டு மாதம் அலைந்தேன் என்று புரியும்.

முதலில் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் மறுபடி ஆடியோகிராம் எடுத்தோம். மிஷின் வாங்கிய அன்று கடையில் எடுத்த சீட்டு கையில் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார் டாக்டர். வலது காது அப்போதும் இப்போதும் ஏறக்குறைய 60 டெசிபல், இடது காது 65. "காது இறங்கலையே. மிஷினைப் பாருங்க" என்றார். அந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொண்டேன்.

அதைக் காட்டிய பிறகுதான் கடைக்காரர்கள் மிஷினைக் கம்பெனிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து பதில்: உள்ளே ஈரம் புகுந்திருக்கிறது, ஈரத்தால் வரும் பழுதுக்கு வாரண்டி கிடையாது, ரிப்பேருக்கு 19,000 ரூபாய். கார்டை எடுத்துப் பார்த்தேன். பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

என்ன ஈரம்? அக்கா மிஷினோடு குளிக்கவில்லை. ராத்திரி கழற்றி, அவர்கள் கொடுத்த சிலிக்கா ஜெல் டப்பாவில்தான் வைப்பாள். காதுக்குப் பின்னால் வியர்த்திருக்கிறது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் மே மாதம் காதுக்குப் பின்னால் வியர்க்காத மனுஷர் உண்டா?

இங்கேதான் சட்டம் வருகிறது. நம் ஊர்க் கடைத்தெருவில் கேரண்டி என்றால் மாற்றித் தருவது, வாரண்டி என்றால் ரிப்பேர் செய்து தருவது என்று பேச்சு. அது கம்பெனி தானாகக் கொடுக்கும் வாக்கு. அதற்கு அடியில், கார்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சட்டம் தரும் உத்தரவாதம் ஒன்று இருக்கிறது. 1930ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16ஆம் பிரிவு. இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, விற்பவரின் திறமையை நம்பி வாங்கினால், பொருள் அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். அந்த வகைச் சரக்கை விற்பவரிடம் வாங்கினால், அது விற்கத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும். இரு தரப்பும் வெளிப்படையாக வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய, இது எழுதாமலே ஒப்பந்தத்தில் அடக்கம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றும் அமலில் இருக்கிறது.

அதற்கு மேல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். டிசம்பர் 24 என்றால் நமக்கு 1973இல் பெரியாரும் 1987இல் எம்.ஜி.ஆரும் போன நாள். 1986இல் அதே தேதியில்தான் இந்தச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அதனால் அது தேசிய நுகர்வோர் தினம். பழைய சட்டத்துக்குப் பதிலாக 2019இல் புதுச் சட்டம் வந்து, 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. புதுச் சட்டத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு பெரிய சௌகரியம்: பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னையில் வாங்கிய மிஷினுக்குத் தஞ்சாவூரில் புகார்.

நான் முதலில் ஒரு கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். கடைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. திட்டு கிடையாது, தேதிவாரியாக விஷயம் மட்டும். கடைசியில் மூன்று வரி. ஒன்று, மாடலை நாங்கள் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, உங்கள் நிபுணர்தான் தேர்ந்தெடுத்தார். இரண்டு, காதில் மாட்டுவதற்கென்றே விற்ற பொருள் காதோர வியர்வையைத் தாங்கவில்லை என்றால் அது எந்தக் காரியத்துக்கு ஏற்றது? மூன்று, நீங்கள் காட்டும் நிபந்தனை பணம் கட்டிய பிறகு பெட்டிக்குள்ளிருந்து வந்தது, வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. பதினைந்து நாளில் பதில் வேண்டும் என்று கேட்டு, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். ஆயிரக்கணக்கான ஒப்புகை அட்டைகளை என் கையால் பைசல் செய்திருக்கிறேன். எனக்காக ஒன்று கையெழுத்தோடு திரும்பி வந்தது அன்றுதான்.

பதில் வரவில்லை. பிறகு 1915க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிந்து கம்பெனிக்கு அனுப்பினார்கள். கம்பெனி "கார்டில் உள்ளபடி" என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டது. பரவாயில்லை, அந்த இரண்டு வரியும் நமக்கு ஆவணம்தான்.

செப்டம்பரில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் அக்கா பெயரில் புகார் கொடுத்தோம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை. நாங்கள் வைக்கவில்லை. பில், வாரண்டி கார்டு, இரண்டு ஆடியோகிராம், டாக்டர் எழுதிய வரி, கடித நகல், ஒப்புகை அட்டை, எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கொடுத்தோம். எதிர்த் தரப்பு பதில் சொல்ல 30 நாள், மேலும் 15 நாள் வரை நீட்டிக்கலாம். சோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்திலும் தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கொஞ்சம் இழுக்கும், அதற்குத் தயாராகவே போங்கள்.

பஸ்ஸில் தஞ்சாவூருக்கு நானும் அக்காவும் ஐந்து தடவை போய் வந்தோம். இரண்டு தடவை வாய்தா. நான்காவது தடவை, சமரசம் பேச இரு தரப்புக்கும் சம்மதமா என்று கேட்டார்கள். சரி என்றோம். மத்தியஸ்தர் முன்னால் கம்பெனி சார்பில் வந்த இளைஞர், பேசத் தெரிந்த பையன், மெதுவாக என்னிடம் ஏதோ விளக்கினார். அக்கா குறுக்கிட்டாள். "தம்பி, எனக்குத்தான் கேட்கலை. என்னைப் பார்த்துச் சொல்லு" என்றாள். பழைய வாத்தியார் குரல். அந்தப் பையன் எழுந்து வந்து அக்கா எதிரில் உட்கார்ந்து, உரக்க, நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

2024 ஜனவரியில் முடிந்தது. பழைய இரண்டுக்கும் பதிலாக அதே மாடலில் புது மிஷின், இன்றிலிருந்து இரண்டு வருட வாரண்டி, அலைச்சலுக்கு 5,000 ரூபாய். கேட்டதை விடக் குறைவுதான். அக்காவைக் கேட்டேன். "எனக்குக் காசு வேண்டாம்டா, காது வேணும்" என்றாள். ஒப்புக்கொண்டோம்.

பழக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய சில விஷயங்கள். பில் கேட்டு வாங்குங்கள். பில் தர மறுப்பதையே முறையற்ற வணிகம் என்கிறது சட்டம். 'விற்ற பொருள் திரும்ப வாங்கப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்படாதீர்கள். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே கணக்கில்தான் வருகிறது. பில்லில் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாள். ஆனால் நிறம் பிடிக்கவில்லை, மனசு மாறிவிட்டது என்பதற்கெல்லாம் இது பொருந்தாது. இப்போது வழவழப்பான தாளில் வரும் பில் ஒரு வருடத்தில் வெளுத்துப் போகிறது, வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். புகாருக்கு இரண்டு வருடக் கெடு இருக்கிறது, கடைக்காரர் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று சொல்லும்போது காலண்டரைப் பாருங்கள். போனில் பேசியதை அன்றே கடிதமாக்குங்கள். பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதிலும் சேர்ந்ததற்கு அத்தாட்சி கேட்டு வாங்கலாம்.

பணத்தை விட முக்கியமானது ஒன்று உண்டு. மூட்டு வலிக்குப் போடும் பெல்ட்டோ, சர்க்கரை பார்க்கும் மீட்டரோ, பல் செட்டோ, எது சரியாக வேலை செய்யாவிட்டாலும் "வயசாயிடுச்சு இல்ல" என்று நம் மேலேயே திருப்பிவிடுவது விற்பவருக்குச் சுலபம். நாமும் தலையாட்டிவிடுகிறோம், ஏனென்றால் வயதாகியிருப்பது உண்மை. உடம்பின் குறை எது, பொருளின் குறை எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். டாக்டரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள். வயதுக்கு வாரண்டி கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். காசு கொடுத்து வாங்கிய மிஷினுக்கு உண்டு.