ஓசி வாள்

மதுரையில் காதுகுத்துக்கு வைக்கிற ஃபிளெக்ஸைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். விழா என்னவோ குழந்தைக்குத்தான். ஆனால் குழந்தை பேனரின் ஓரத்தில், ஒரு ரோஜாப்பூவுக்குள் உட்கார்ந்திருக்கும். நடுவில் சிங்காசனம், அதில் கறுப்புக் கண்ணாடி போட்ட தாய்மாமன், காலடியில் ஒரு சிங்கம், கையில் வாள். அந்த வாளை எடுத்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன்.

சிம்மக்கல் பக்கம் ஒரு டிசைன் கடையில் என் பிழைப்பு ஆரம்பித்தது. மாமன்மார்களுக்கு வாள் வேண்டும், இணையத்தில் வாள் ஓசியில் கிடைத்தது. கிடைத்ததெல்லாம் ஐரோப்பிய வாள். சிலுவை மாதிரி குறுக்குக் கம்பி வைத்த ஜெர்மன் நீள்வாள், வளையம் வளையமாகக் கைக்காப்பு பின்னிய இத்தாலிய ரேப்பியர், பிடித்த கையே கூடைக்குள் மறைந்துபோகிற ஸ்காட்லாந்து வாள். எல்லாம் முப்பரிமாண மாடல்கள். பிளெண்டர் மென்பொருளில் போட்டு எந்தப் பக்கமும் திருப்பலாம், வெளிச்சம் அடிக்கலாம், நீட்டலாம், குறுக்கலாம். அவனியாபுரத்து மாமனும் செல்லூர் மாமனும் 15ஆம் நூற்றாண்டு ஜெர்மன் சிப்பாயின் வாளோடு முச்சந்தியில் நின்றார்கள். ஒருத்தரும் குறை சொன்னதில்லை. "இன்னும் கொஞ்சம் பளபளன்னு இருக்கட்டும் தம்பி" என்பதுதான் அதிகபட்சப் புகார்.

ஒரே ஒரு தொல்லை உண்டு. மாமனின் முஷ்டியும் வாளின் பிடியும் வேறு வேறு படத்திலிருந்து வந்தவை என்பதால், சேருமிடத்தில் ஒட்டு தெரியும். அங்கே கொஞ்சம் புகை விட்டுவிடுவேன். இல்லையென்றால் ஒரு தீப்பொறி. ஃபோட்டோஷாப்பில் புகைக்கென்றே ஒரு பிரஷ் வைத்திருந்தேன்.

பேனரிலிருந்து புத்தக அட்டைக்கு நகர்ந்தபோது சம்பளம் மாறியது, கை மாறவில்லை.

திருமங்கலம் பக்கத்துக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், திருமலை நாயக்கர் காலத்துக் கதையை மூன்று பாகமாக எழுதிக்கொண்டிருந்தார். நாயக்கர் ஆண்டது 1623 முதல் 1659 வரை. கதாநாயகன் குதிரைப்படையில் இருப்பவன். முதல் பாகத்துக்கு அட்டை போடச் சொல்லிப் பதிப்பகத்திலிருந்து கூப்பிட்டார்கள். வைகைக் கரை, நிலா, முன்னங்கால் தூக்கிய குதிரை, ஓங்கிய வாள். என் கிடங்கிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த ஜெர்மன் நீள்வாளை எடுத்தேன்.

அந்த வாளின் பிடி இரண்டு கையும் பிடிக்கிற அளவுக்கு நீளம். குதிரைக்காரனுக்கு ஒரு கைதானே மிச்சம் என்று பிடியை நசுக்கினேன். பிடி சின்னதானதும் அலகு பெருத்துத் தெரிந்தது. பரவாயில்லை, வீரனுக்குப் பெரிய வாள்தான் அழகு. குறுக்குக் கம்பியின் இரண்டு முனையிலும் யாளித் தலையை ஒட்டினேன். நாயக்கர் காலம் வந்துவிட்டது என்று நினைப்பு. இத்தனை பெரிய இரும்பைத் தூக்குகிறவனுக்குக் கை எப்படி இருக்கும்? புஜத்தைப் பனைமரம் மாதிரி வரைந்தேன். அப்படி ஒரு வாள் ஐந்தாறு கிலோவாவது இருக்கும் என்பது என் கணக்கு. நிஜத்தில் அந்த வகை வாள் இரண்டு கிலோவைத் தாண்டுவதே அபூர்வம்.

ஆயிரங்கால் மண்டப வாசலில் அரியநாத முதலியார் குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் சிலையைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். அவர் கையில் என்ன இருக்கிறது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

தமுக்கம் புத்தகத் திருவிழாவில் அட்டையைப் பெரிதாக அடித்துக் கடை முன்னால் தொங்கவிட்டிருந்தார்கள். கதை எழுதிய ஐயா உள்ளே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கல்லூரிப் பையன் அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "இந்த வாள வச்சு நான் ஒரு கேம் விளாண்டிருக்கேன்." கூட வந்தவன் சிரித்தான். எனக்கு நின்ற இடத்திலேயே காது சூடானது. ஓசி மாடல் எனக்கு மட்டுமா ஓசி? ஐயா நிமிர்ந்து, "அட்டைய விடுங்க தம்பி, உள்ள படிச்சுட்டுச் சொல்லுங்க" என்று சமாளித்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம்தான் படிக்கத் தொடங்கினேன். கொஞ்சம் வெறியோடு படித்தேன் என்றே சொல்லலாம். இவார்ட் ஓக்‌ஷாட் என்று ஓர் ஆங்கிலேயர், 2002இல் இறந்தவர், ஐரோப்பாவின் இடைக்கால வாள்களை அலகு, குமிழ், குறுக்குக் கம்பி எல்லாம் பார்த்து வகை வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார். அவர் புண்ணியத்தில் என் ஜெர்மன் வாளுக்கும் திருமலை நாயக்கருக்கும் நடுவே ஒன்றரை நூற்றாண்டு இடைவெளி இருப்பது தெரிந்தது. அலகின் நடுவே ஓடும் பள்ளம் ரத்தம் வழிய வெட்டியது இல்லை, வலு குறையாமல் எடையைக் குறைக்கத்தான் என்பது தெரிந்தது. நம்மூர் வளைவாளான தல்வாரின் பிடிக்கு அடியில் தட்டு மாதிரி ஏன் வைத்தார்கள் என்பதும் தெரிந்தது. மணிக்கட்டை அது ஓரளவுக்கு மேல் மடங்க விடாது, அதனால் வெட்டு தோளிலிருந்து இழுத்துக்கொண்டு வரும். அரைகுறையாகத் தெரிந்தவனுக்கு வருகிற தைரியம் எனக்கும் வந்தது. மற்றவர்கள் வரைந்த அட்டைகளைப் பார்த்து உச்சுக் கொட்ட ஆரம்பித்தேன்.

இரண்டாம் பாகம் வந்தது. ஐயா போனில் கூப்பிட்டார்.

"தம்பி, இந்தத் தடவ வாள் நேரா இருக்கணும். அலகு பரங்கி அலகு. கடற்கரை வழியா வந்தது. பிடி நம்மது. கதையிலயே வருது, பாத்திருப்பீங்க."

நான் பார்த்திருக்கவில்லை. சுருக்கத்தை மட்டும் படித்திருந்தேன்.

"ஐயா, வேணாம்யா. மறுபடியும் வெள்ளக்காரன் வாள்னு சிரிப்பாங்க. நாயக்கர் கையில வளைஞ்ச வாள்தான் சரியா இருக்கும். நான் இப்ப நிறையப் படிச்சிருக்கேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "போன தடவ நீங்க போட்டது தப்பு. இந்தத் தடவ நான் எழுதுனது தப்பில்ல" என்றார். ரொம்ப மெதுவாகச் சொன்னார். வாட்ஸ்அப்பில் ஏதோ படம் அனுப்புவதாகவும் சொன்னார். வந்தது, கட்டைவிரலைத் தூக்கிப் பதில் போட்டேன். அச்சுக்குப் போக வேண்டிய அவசரம் பதிப்பகத்துக்கு. அவசரம் எப்போதும் படம் போடுகிறவன் பக்கம்தான் சாயும். வளைந்த தல்வாரோடு அட்டையை அனுப்பினேன். "உங்க இஷ்டம் தம்பி" என்று ஒரு வரி வந்தது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

புத்தகம் வெளிவந்தது. அட்டையில் வளைந்த வாள், உள்ளே அத்தியாயத்துக்கு அத்தியாயம் நேர்வாள். படித்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? ஒரு விமரிசனத்தில், நூலாசிரியருக்கே தன் கதாநாயகனின் வாள் எதுவென்று முடிவில்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அடி விழுந்தது அவருக்கு.

அதற்கும் நான் மசியவில்லை. வேறொரு வேலையாகச் சென்னை போயிருந்தேன். காலையிலேயே வேலை முடிந்துவிட்டது, வைகை எக்ஸ்பிரஸ் மதியத்துக்கு மேல்தான். எழும்பூரில்தானே நிற்கிறோம் என்று அரசு அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தேன். 1851இல் தொடங்கிய இடம். செப்புத் திருமேனிகளைப் பார்க்கப் போனவன், கால் போன போக்கில் ஆயுதங்கள் பக்கம் வந்து நின்றேன்.

தஞ்சாவூர் அரண்மனைக் கிடங்கின் ஆயுதங்கள் அங்கே இருக்கின்றன. 1855இல் வாரிசில்லை என்று சொல்லித் தஞ்சை அரசுக்கு ஆங்கிலேயர் முற்றுப்புள்ளி வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அந்தக் கிடங்கைக் கலைத்தபோது கணிசமானவை உடைபட்டுப் பழைய இரும்பாகவே போய்விட்டன. தேர்ந்தெடுத்த ஒரு பகுதி இங்கே வந்து சேர்ந்தது. அவற்றில் ஒரு வாள் என் முகத்துக்கு நேரே இருந்தது.

நேரான வாள்.

கண்ணாடியில் டியூப்லைட் வெளிச்சம் விழுந்து முதலில் சரியாகத் தெரியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தேன். அலகு நீளமாக, ஒல்லியாக இருந்தது. மேல்பாதியில் குறுகலான பள்ளங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஓடி, நடுவழியில் நின்றுபோயிருந்தன. அந்தப் பள்ளங்களை எனக்குத் தெரியும். ஓக்‌ஷாட்டில் தொடங்கி எங்கெங்கோ மேய்ந்து இரவெல்லாம் கண் விழித்துப் பார்த்த ஐரோப்பிய அலகுகளில் அவை இருந்தன. தீட்டித் தீட்டி முனைப்பக்கம் தேய்ந்திருந்தது, பிடிப்பக்கம் மட்டும் பழைய அகலம் மிச்சமிருந்தது. அலங்காரத்துக்கு மாட்டி வைத்த வாள் அப்படித் தேயாது.

கண்ணை மேலே கொண்டுபோனேன். பிடி முழுக்க நம்மூர் வேலை. விரலை மறைக்கும் அகலமான காப்பு, அடியில் தட்டு, தட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முள். ஓங்கி வெட்டும்போது இரண்டாவது கையால் அந்த முள்ளைப் பிடித்துக்கொள்ளலாம். அலகும் பிடியும் சேருமிடத்தில், நான் எப்போதும் புகை விடுகிற அதே இடத்தில், பிடியிலிருந்து இரண்டு இரும்புப் பட்டைகள் இறங்கி அலகை இரண்டு பக்கமும் கவ்வியிருந்தன. பட்டையைப் பூவேலையாக வெட்டியிருந்தார்கள். அதன் ஊடே ஆணி அடித்து, தலையைத் தட்டித் தட்டி மழுக்கியிருந்தார்கள். ஒட்டை மறைக்க ஒரு முயற்சியும் இல்லை. வாள் முழுவதிலும் அந்த ஒட்டில்தான் வேலைப்பாடு அதிகம். அலகு ஓர் ஊர், பிடி ஓர் ஊர். ஆனால் குதிரை மேலிருந்து வெட்டும்போது கழன்றால் ஒருத்தன் உயிர் போகும்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு வரிசை என்னைச் சுற்றிக்கொண்டு போனது. "கேமரா டிக்கெட் வாங்கினீங்களா சார்?" என்று காவலாளி கேட்டபிறகுதான் திரும்பினேன். போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்படிப்பட்ட வாளுக்கு ஃபிராங்கி என்று பேர். போர்ச்சுகீசியர் நம் கடற்கரைக்கு வந்த 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பிய அலகுகள் இங்கே இறங்கியிருக்கின்றன. அப்புறம் 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள், 1658இல் தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்ச்சுகீசியரிடமிருந்து பிடுங்கிய டச்சுக்காரர்கள் என்று கடைவிரித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஜெர்மனியின் சோலிங்கன் பட்டறைகள் ஓடும் ஓநாய் முத்திரை குத்தி அனுப்பின. இத்தாலியக் குறிகளுக்கும் இங்கே மவுசு, நம்மூர்க் கொல்லர்களே அந்தக் குறியை உள்ளூர் அலகில் வெட்டி விற்கிற அளவுக்கு. டூப்ளிகேட் பிராண்டு அன்றைக்கே இருந்திருக்கிறது. அக்பர் மகன் ஜஹாங்கீரையும் இந்த மோகம் விடவில்லை. 1616இல் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ தன் சொந்த வாளையே பரிசாகக் கொடுத்தனுப்ப, பேரரசர் ரோவின் ஆளையே கூப்பிட்டுக் கட்டிவிடச் சொல்லி, உருவிச் சுழற்றிப் பார்த்திருக்கிறார். உருக்குக்குப் பேர்போன இந்த மண்ணில் வெளியூர் அலகுக்கு ஏன் இத்தனை ஆசை என்று கேட்டால் நீளம், வளைந்து நிமிரும் குணம் என்று காரணம் சொல்வார்கள். கொஞ்சம் பகட்டும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். கறுப்புக் கண்ணாடி மாமன்களோடு பழகியவனுக்கு இது கூடத் தெரியாதா?

இதெல்லாம் ஐயாவுக்கு முன்னமே தெரிந்திருக்கிறது என்பதுதான் என்னைக் குடைந்தது. ரயில் ஏறி உட்கார்ந்ததும் வாட்ஸ்அப்பில் அவர் பேரைத் தேடிப் பின்னோக்கிப் போனேன். "படம் அனுப்பி இருக்கேன் தம்பி பாத்துக்கோங்க." அதற்குக் கீழே கலங்கலாக மூன்று சதுரங்கள், நடுவில் இறக்குவதற்கான அம்புக்குறி. அதற்கும் கீழே என் கட்டைவிரல். டேட்டா வீணாகக்கூடாது என்று தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருந்தேன், கையால் இறக்கவும் இல்லை. இப்போது அமுக்கினேன். கோப்பு இல்லை, திரும்ப அனுப்பச் சொல்லிக் கேளுங்கள் என்று வந்தது.

கேட்பதற்கு விழுப்புரம், திருச்சி எல்லாம் தாண்ட வேண்டியிருந்தது. திண்டுக்கல் வரும்போது போன் போட்டேன். எழும்பூர் போனதைச் சொன்னேன், படத்தை மறுபடி அனுப்ப முடியுமா என்றும் கேட்டேன்.

"இன்னுமா எறக்கல?" என்றார். கோபமாகத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "இந்தா அனுப்புறேன். இப்பவாவது எறக்கிப் பாருங்க."

பென்சில் படங்கள். கோடு போட்ட நோட்டில், வேலையில் இருந்த காலத்தில் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது அவர் நின்று வரைந்தது. மங்கிய எழுத்தில் குறிப்புகள்: அலகு பரங்கி, பிடி நம்மது, ஆணி இங்கே. ஆணி அடித்த இடங்களை அம்புக்குறி போட்டு ஒவ்வொன்றாகக் காட்டியிருந்தார்.

"மூணாம் பாகத்துக்கு நான் சரியாப் போட்டுத் தர்றேங்கய்யா. காசு வேணாம்."

"அது வேற தம்பிகிட்டச் சொல்லியாச்சு. தூத்துக்குடிப் பையன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு உதவி பண்ணுங்க. எழும்பூர்ல எடுத்த போட்டோவ அந்தப் பையனுக்கு அனுப்பி விடுங்க. என் படம் பத்தாது, அவன் கேக்குறான்."

நம்பர் வந்தது. படங்களைத் தேர்ந்தெடுத்தேன், ஒட்டு நன்றாகத் தெரிகிறவற்றை முதலில். டாக்குமெண்டாக அனுப்பினேன், அப்போதுதான் தரம் குறையாது. ஒரு நிமிஷத்தில் எல்லாவற்றிலும் நீல டிக் விழுந்தது. "அண்ணே, ஆணித் தலை இன்னும் கிட்டத்துல எடுத்தது இருக்கா?" என்று கேட்டிருந்தான்.