பாறை சொல்லும் பாடம்

ஸ்காட்லாந்துக்குப் போனால் போர்ட் வில்லியம் என்ற ஊரைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். பிரிட்டனிலேயே உயரமான பென் நெவிஸ் சிகரம் (1345 மீட்டர்) இதன் அருகில்தான் நிற்கிறது. மே மாதத்தில் இங்கே ஆறு நாள் மோட்டார் சைக்கிள் போட்டி. வேகத்துக்கல்ல, நிதானத்துக்கே பரீட்சை! வழுக்குப் பாறையில் காலை ஊன்றினால் குற்றப் புள்ளி.

சாலையில் கனமான வண்டி அலுங்காமல் ஓடும். பாறையிலோ, சாய்கிற வண்டியை ஓட்டுகிறவர் தம் உடம்பை அசைத்தே நிமிர்த்த வேண்டும். வண்டி கனத்தால் அது நடக்குமா? நிறைகுடத்துடன் பாசிப் படியேறியவர்களுக்கு இது தெரியாததா!

ஸாம்மி மில்லர் 1964-ல் 500 சி.சி. ஏரியல் வண்டியில் வென்றார். அடுத்த ஆண்டே நூறு கிலோவுக்கும் குறைவான 250 சி.சி. புல்டாகோவில் மீண்டும் வெற்றி! அதன்பின் கனத்த வண்டிகளின் செல்வாக்கு மங்கியது. மலைப்பாதையில் இளைத்தவனே பலசாலி!