அடுத்த படம் வரும்வரை

கழன்றுபோன பெரிய தண்ணீர்ச் சில்லொன்று காட்டுக்குள் உருண்டு போகிறது. அதன் மேலேயும் உள்ளேயும் நின்று மூன்று பேர் வாள் வீசுகிறார்கள். மூன்று பேருக்கும் வேண்டியது ஒரே பெட்டி, ஆனால் காரணம் ஆளுக்கு ஆள் வேறு. ‘பைரேட்ஸ் ஒஃப் த கரிபியன்’ வரிசையில் 2006 ஜூலையில் வந்த இரண்டாம் படமான ‘டெட் மேன்ஸ் செஸ்ட்’டைப் பலர் குறை சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சில்லுச் சண்டையைக் குறை சொன்ன ஒருவரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை.

நாங்கள் அதைப் பார்த்தது வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் மூன்றாம் மாடி ஹோலில். சவோய் தியேட்டர் நடந்து போகிற தூரம்தான். ஆனால் அந்த ஓகஸ்ட்டில் இருட்டிய பிறகு பிள்ளைகளை வெளியே விட எந்த வீட்டிலும் மனம் வரவில்லை. போரால் 11ஆம் திகதியோடு யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை மூடப்பட்டிருந்தது. கொழும்புக்கு அலுவலாக வந்து யாழ்ப்பாணம் திரும்ப முடியாமல் நின்றவர்கள், விசாவுக்காகக் காத்திருந்தவர்கள், ஆள் கடத்தும் வெள்ளை வானுக்குப் பயந்து மகனை இங்கே அனுப்பிவைத்த குடும்பம் என்று எல்லோரும் அந்த ஒரே வீட்டில் பாய் போட்டுப் படுத்தோம். பொலிஸ் பதிவுத் துண்டு எல்லோரிடமும் இருந்தது. பெரியம்மாவின் மகன் காலி வீதி நடைபாதையில் ஒரு டிவிடி வாங்கி வந்தார். தியேட்டருக்குள் ஒளித்து எடுத்த கொப்பி அது. கதாநாயகன் ஜாக் ஸ்பாரோவுக்குக் குறுக்கே யாரோ ஒருவரின் தலை எழும்பி நடந்து போகும்.

அந்த மங்கல் கொப்பியிலும் டேவி ஜோன்ஸ் எங்களைக் கட்டிப்போட்டான். தாடி முழுக்க கணவாய்க் கைகளாக நெளிகிற கப்பல் தலைவன். நடிகர் பில் நை படப்பிடிப்பில் சாம்பல் நிற உடுப்போடு, முகத்தில் புள்ளிகளோடு நின்று நடிக்க, அந்த முகம் முழுவதையும் பிறகு கணினியில் செய்தார்கள். கண்கள் மட்டுமாவது நடிகரின் சொந்தக் கண்கள்தான் என்று பலர் நினைத்தார்கள், அவையும் கணினியில் பிறந்தவையே. காட்சி விந்தைகளுக்கான ஒஸ்கார் அந்தப் படத்துக்கே போனது, போக வேண்டியதுதான். ஆனால் நான் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருப்பது தொழில்நுட்பத்தை அல்ல. ஒரு பெண்ணை மறக்க முடியாத வலியில் தன் இதயத்தைத் தானே அறுத்தெடுத்துப் பெட்டியில் பூட்டியவன், தனியே இருந்து அந்தக் கணவாய்க் கைகளால் ஓர்கன் வாசிக்கிறான், கண்ணீர் விடுகிறான். எங்களோடு இருந்த அக்கா ஒருவர் பூட்டிவிட்டு வந்த ஊர் வீட்டின் திறப்பை எப்போதும் கைப்பைக்குள் வைத்திருப்பார். அந்தக் காட்சியில் அவர் மட்டும் ஒன்றும் கதைக்கவில்லை.

குறைகளை எடுத்துச் சொன்னவர் கொட்டாஞ்சேனைச் சித்தப்பா. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜம்பட்டா வீதியிலிருந்து பஸ் பிடித்து வருவார். அவருக்குக் கடற்கொள்ளைப் படம் என்றால் 1965இல் பந்துலு எடுத்த ‘ஆயிரத்தில் ஒருவன்’தான். வைத்தியன் அடிமையாக விற்கப்பட்டு, கடற்கொள்ளையனாகி, கடைசியில் நியாயத்தை நிலைநாட்டுகிற கதை. அதற்கும் மூலம் 1935இல் எரல் ஃபிளின் நடித்த ‘கப்டன் பிளட்’ என்று அவர்தான் எங்களுக்குச் சொன்னார். “உவனுக்கு என்னடா வேணும்? திறப்பு வேணுமோ, பெட்டி வேணுமோ, திசைகாட்டி வேணுமோ? எம்ஜிஆர் என்னத்துக்குச் சண்டை பிடிக்கிறார் எண்டு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்” என்றார்.

அவர் சொன்னது சரி. இரண்டரை மணித்தியாலப் படத்தில் பொருட்களுக்குப் பின்னால் ஓடுகிற ஓட்டம் கூடிப்போனது. ஒரு திறப்பு, அது திறக்கிற பெட்டி, பெட்டிக்குள் இதயம், இதயத்தைத் தேடத் திசைகாட்டி, இடையில் அரச மன்னிப்புக் கடிதம். முதற்படத்தில் சாபம் பிடித்த ஒரு பொற்காசு போதுமாக இருந்தது. அதைவிட மோசம் நரமாமிசம் தின்னும் தீவு. அந்தப் பகுதியை முழுதாக வெட்டி எறிந்தாலும் கதைக்கு ஒன்றும் ஆகாது. படப்பிடிப்பு நடந்த டொமினிக்காவில், கரிபியன் பழங்குடித் தலைவர் தம் மூதாதையரை மனிதத் தின்னிகளாகக் காட்ட வேண்டாம் என்று முன்கூட்டியே எதிர்ப்புத் தெரிவித்திருந்தார். அதை யாரும் காதில் வாங்கவில்லை. தன்னைப் பற்றி மற்றவன் எழுதிய கதையோடு வாழ வேண்டியிருக்கிற எந்த இனத்தாருக்கும் அந்த இருபது நிமிடம் கசக்கும்.

படத்தின் ஆகப் பெரிய பலத்தையும் சித்தப்பாவால்தான் நான் கண்டுகொண்டேன். ஒருநாள் எங்களை உல்பெண்டால் தேவாலயத்துக்குக் கூட்டிப்போனார். 1757இல் ஒல்லாந்தர் கட்டி முடித்த கோயில் அது. தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், அவற்றில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கொம்பனி உத்தியோகத்தர்களின் பெயர்கள். 1656இல் போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைப் பிடித்த அதே கொம்பனி. டேவி ஜோன்ஸின் ‘ஃபிளையிங் டச்மன்’ ஆவிக்கப்பல் கதை பிறந்ததும் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கீழைக் கடலுக்கு வந்துபோன ஒல்லாந்தக் கப்பல்காரர்களிடையேதான். இந்த இரண்டாம் படத்தில் உண்மையான வில்லன் கடற்கொள்ளையன் அல்ல, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கொம்பனியைச் சேர்ந்த பெக்கெட் பிரபு. கடல் முழுவதையும் கணக்குப் புத்தகத்துக்குள் கொண்டுவரத் துடிக்கிற மனிதன். துறைமுகக் கப்பல்களின் சங்கு கேட்கிற கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவருக்கு அந்த வில்லனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இவ்வளவு நல்ல வில்லனை இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி மேசைக்குப் பின்னால் இருத்தி, மூன்றாம் படத்துக்கென்று சேமித்து வைத்ததுதான் எனக்கு ஆறாத குறை.

முடிவு பற்றித்தான் வீடு இரண்டாகப் பிரிந்தது. கதாநாயகி எலிசபெத் முத்தம் கொடுத்தபடியே ஜாக்கைப் பாய்மரத்தோடு விலங்கிடுகிறாள், கடல் அரக்கனான கிராக்கன் கப்பலோடு அவனை விழுங்குகிறது. முதற்படத்தில் செத்துப்போன பார்போசா படியிறங்கி வந்து அப்பிளைக் கடிக்கிறான், படம் முடிந்துவிடுகிறது. சித்தப்பாவுக்கு வந்த கோபம் சின்னதல்ல. “காசு குடுத்துப் பாக்கிறவனை நடுக்கடலில விட்டுட்டுப் போறதோ?” பெரியம்மாவின் மகன் விடவில்லை. “சித்தப்பா, ஜாக் கட்டாயம் திரும்பி வருவான். இருந்து பாருங்கோ.” மாதக்கணக்காக அந்த வாதம் நடந்தது. சாப்பிடும்போது, கறண்ட் போன இரவுகளில், பின்னேரங்களில் தண்டவாளம் தாண்டிக் கற்களில் போய் இருந்தபோது, எல்லா நேரமும். விசா வருமா, பாதை திறக்குமா என்று ஒருவரை ஒருவர் கேட்க முடியாதவர்கள் ஜாக் வருவானா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் படம் 2007 மே 25இல் வந்தது. அதற்குள் நான் கனடா போய்விட்டேன். அதை ஸ்காபரோவில் பார்த்தேன், துல்லியமான திரை, நெஞ்சதிரும் ஒலி. ஜாக் திரும்பி வந்தான். பக்கத்து இருக்கையில் அதைச் சொல்ல ஒருவரும் இல்லை. படம் வந்து இரண்டு கிழமையில், ஜூன் 7 விடிய, கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முன்னூறுக்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது. எங்கள் வீட்டார் லொட்ஜில் இருக்கவில்லை, ஆனாலும் அந்த மாதத்தோடு மூன்றாம் மாடி காலியானது.

மூன்றாவது படம் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறது, பெக்கெட்டுக்கும் முடிவு கட்டுகிறது. எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான். பெரியம்மாவின் மகன் இப்போது சூரிச்சில். தொலைபேசியில் இன்னமும் சண்டை பிடிப்போம்: அவருக்குச் சில்லுச் சண்டை, எனக்கு ஓர்கன் காட்சி. சித்தப்பா கொட்டாஞ்சேனையை விட்டு அசையவில்லை. மூன்றாம் படத்தைப் பார்க்கச் சொல்லிப் பலமுறை கேட்டும் மறுத்துவிட்டார். எல்லோரும் வந்து சேருங்கோ, அதே ஹோலில் இருந்து பாப்பம் என்பதுதான் அவர் பதில்.