பொட்டை மறைத்த சிவப்பு வெளிச்சம்

ராத்திரியில் போட்டோ எடுப்பதென்றால் முன்பெல்லாம் பளிச்சென்று ஒரு ஃபிளாஷ் அடிப்பார்கள். கண் கூசும். முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெளுத்துப் போகும். பின்னால் ஒரே கும்மிருட்டு! இப்போது அந்தக் கஷ்டம் இல்லை. முழ நீளத்தில், சப்பாத்திக் குழவி பருமனில், கையில் பிடித்துக்கொள்ளும் கலர் விளக்கு வந்துவிட்டது. செல்போன் மாதிரியே சார்ஜ் செய்துகொள்ளலாம். பொத்தானைத் திருகினால் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்று கேட்ட நிறம் வரும். மகள் வாங்கிக் கொடுத்த அந்த விளக்கைப் பழவேற்காட்டில் பரீட்சை பார்த்த அனுபவத்தைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

விளக்குக்குள் இருப்பது சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வகை எல்.இ.டி. பொட்டுகள்தான். சமையலில் உப்பு, புளி, காரம் மாதிரி இந்த மூன்றையும் அளவாகக் கலந்தே மற்ற நிறங்களெல்லாம் வருகின்றன. இவற்றில் நீலம்தான் விஞ்ஞானிகளைப் பாடாய்ப் படுத்தியதாம். அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-ல் பௌதிக நோபல் பரிசு கிடைத்தது.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே, பொன்னேரி வழியாகப் போனால் சுமார் 60 கிலோமீட்டர். சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உப்பங்கழி ஏரி அதுதான். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய ஊர். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் முகத்துவாரம் அடிக்கடி மணல் மேடிட்டுப் போகும். கடலுக்குப் போகும் படகுகள் அந்த வழியாகத்தான் போயாக வேண்டும். அங்கே ஒரு மீனவக் குப்பத்தில் என் சிநேகிதிக்குப் பழக்கமான வீட்டில் இரண்டு நாள் தங்கினேன்.

முதல் நாள் இரவு கரையில் கிடந்த படகுகளை எடுத்தேன். காமிராவை மூன்று கால் ஸ்டாண்டில் வைத்து, எட்டு விநாடி திறந்திருக்கும்படி செய்துவிட்டு, விளக்கோடு படகின் பக்கவாட்டில் மெல்ல நடந்தேன். நேர் எதிரே காட்டினால் படம் தட்டையாக விழுகிறது. பக்கவாட்டில் காட்டினால்தான் பலகையின் மேடு பள்ளமெல்லாம் எழுந்து நிற்கிறது. நீல வெளிச்சத்தில் வலைக் குவியல் பனி மூடின மலை மாதிரி இருந்தது!

அதற்குள் ஒரு பெரியவர் வந்துவிட்டார். "இன்னாம்மா, லைட்டு போட்டு மீன் புடிக்கிற ஆளுங்களா நீங்க?" என்றார். அவர் சந்தேகத்தில் நியாயம் உண்டு. பெரிய படகுகளில் பிரகாசமான எல்.இ.டி. விளக்குகளைக் கட்டி மீன் கூட்டத்தை இழுத்து, குஞ்சு குளுவான் வரை வாரிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்பதால்தான் 2017 நவம்பரில் மத்திய அரசு ஆழ்கடல் பகுதியில் அந்த முறைக்குத் தடை போட்டது. படத்தைக் காட்டினேன். "நம்ம படகா இது!" என்று சிரித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பின்னிரவு, நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் கடலுக்குக் கிளம்பினார். வழியனுப்ப மனைவியும் பத்து வயது மகளும் கரைக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் வெள்ளை விளக்கு கூடாது. நம் கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும். ஒரு தடவை வெள்ளை வெளிச்சம் பட்டால் அத்தனையும் போச்சு. முகத்துவாரத்தில் படகு ஓட்டப் போகிறவருக்குக் கண்தானே துணை? மங்கலான சிவப்பு வெளிச்சம் அந்தப் பழக்கத்தை அதிகம் கெடுக்காது. அதனால் சிவப்பை ஏற்றி, படகைப் பார்த்து நிற்கும் அந்தப் பெண்ணை ஒரு படம் எடுத்தேன்.

படகுச் சத்தம் தேய்ந்த பிறகு, "காட்டுங்கக்கா" என்று ஆசையாக வந்தாள். பார்த்தவள் முகம் சட்டென்று வாடிவிட்டது.

"அக்கா... என் பொட்டு எங்கக்கா?"

நெற்றி நிறைய வைத்திருந்த குங்குமம் படத்தில் இல்லை! சிவப்பு வெளிச்சத்தில் தோலும் சிவப்பையே திருப்பி அனுப்புகிறது, குங்குமமும் சிவப்பையே திருப்பி அனுப்புகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகிறது. சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகச் சிவப்பு மையில் எழுதியதைப் பார்ப்பது மாதிரிதான். விளக்கைப் பச்சைக்கு மாற்றிக் காட்டினேன். பொட்டு கறுப்பாகத் தெரிந்தது. வெள்ளைக்கு மாற்றினேன். "அம்மா, அங்கியேதான்மா இருக்குது!" என்றாள் மகள்.

"புரியுதுக்கா. ஆனாலும் அவரு கடல்ல இருக்காரு. இந்தப் படம் வேணாங்க்கா."

அதற்கு மேல் விஞ்ஞானம் பேசுவது அழகா? அவள் கண் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்தேன். மற்ற நாட்களில் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவாளாம். அன்றைக்குப் போகவில்லை. கவிழ்த்துப் போட்ட படகில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். நானும் கூடவே உட்கார்ந்தேன். இருவரும் அதிகம் பேசவில்லை. வெயில் ஏறிய பிறகுதான் படகு வந்தது. அரைக் கூடை மீன்தான். அவள் கூடையைப் பார்க்கவே இல்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். இரவு நடந்ததைப் பற்றி மூச்சு விடவில்லை.

சாயங்காலம் அவளே வந்து, "ரெண்டு பேரையும் சேத்து ஒண்ணு எடுங்கக்கா" என்றாள். இந்தத் தடவை மஞ்சள் வெளிச்சம், முன்னால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணி. மஞ்சளில் பச்சையும் கலந்திருப்பதால் குங்குமம் சற்றே இருண்டு தெளிவாக விழுந்தது.

இந்த விளக்கை வாங்க நினைக்கும் சகோதரிகளுக்குச் சில குறிப்புகள். முகங்களுக்கு மஞ்சள் கலந்த வெளிச்சமே நல்லது. பச்சை நோயாளிக் களை தரும். சிவப்பு வெளிச்சத்தில் குழந்தையின் சிராய்ப்பு, கொப்புளம், ரத்தம்கூடச் சரியாகத் தெரியாது. காயத்தைப் பார்க்க வெள்ளையே வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் நீலத்தை எரிய விடாதீர்கள், தூக்கம் தள்ளிப் போகும். ஏரியில் பூநாரைகள் இருந்தால் அவற்றின் பக்கம் விளக்கைத் திருப்பவே வேண்டாம்.

ஊருக்கு வந்ததும் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டுத் தபாலில் அனுப்பினேன். நாலாம் நாள் போன் வந்தது. "சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டேங்க்கா. பொட்டு நல்லா தெரியுது" என்றாள்.