பதினாலு வெளிச்சம்

மார்கழி 6. மொன்றியல் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில சரியான குளிர்.
டிவியில, மொன்ட் றோயல் மலையில இருந்து 14 ஒளிக்கற்றை ஒண்டொண்டா வானத்துக்கு எழும்புது.
ஒவ்வொண்டுக்கும் ஒரு பெயர் வாசிக்கினம்.

மகள் சாப்பாட்டுக் கோப்பையோட அப்பிடியே நிண்டிட்டாள்.
அவளும் பொறியியல்தான் படிக்கிறாள்.

1989இல இதே நாள், மொன்றியல் எக்கோல் பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில, ஒருத்தன் பொம்பிளைப்பிள்ளையளைத் தனியப் பிரிச்சு நிப்பாட்டிச் சுட்டவன். செத்தது 14 பேர், எல்லாரும் பொம்பிளையள்.
அவன்ர கையில இருந்தது சட்டப்படி வாங்கின ரூகர் மினி-14.
கனடா அந்தத் துவக்கைத் தடைசெய்ய 2020 மே மட்டும் போச்சு.
கைத்துப்பாக்கி விற்பனையை நிப்பாட்டினது 2022 ஒக்டோபரில.

"அம்மா, நீங்கள் துவக்கைக் கிட்டப் பாத்திருக்கிறீங்களா?"

அதே 1989 மார்கழியில நான் யாழ்ப்பாணத்தில.
பள்ளிக்கூடம் போற வழியெல்லாம் சென்றி.
துவக்குக் குழல் சரியா என்ர முகத்துக்கு நேர வரும். அந்த எண்ணெய் மணம் இப்பவும் மூக்கில நிக்குது.

வேட்டைக்குப் போற ஆக்களில எனக்குக் கோவமில்லை.
ஆனா "வீட்டில ஒண்டு இருந்தாப் பாதுகாப்புத்தானே" எண்டு எங்கட சனமே சொல்லேக்க நெஞ்சு பதறுது.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லேல்ல.

உங்கட பிள்ளையள் கேட்டா, எதில இருந்து சொல்லத் தொடங்குவீங்கள்?