விரலில் ஒட்டிய கருப்பு

பெங்களூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூர் வந்து இறங்கிய அக்கா மகன், தோளிலிருந்த பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. போனை நீட்டினான். "மாமா, இதப் பாருங்க."

ஒரு எலெக்ட்ரிக் கிதார். சிங்கப்பூரில் ஒரு கடையில் விற்பனைக்கு இருக்கிறது. உடம்பு ஹோண்டுராஸ் மகோகனியாம். முகப்பில் புலி வரி போல அலை ஓடும் மேப்பிள். விரல் வைத்து வாசிக்கும் பலகை பிரேசில் ரோஸ்வுட். விலை நாலரை லட்சம். அதே கம்பெனி, அதே மாடல், இந்திய ரோஸ்வுட் பலகை போட்டது மூன்று லட்சத்துக்குக் கிடைக்கிறது.

"ஒன்றரை லட்சம் அதிகம் மாமா. வாசிச்சா அந்த வித்தியாசம் தெரியுமா?"

நல்ல கேள்வி. 28 வருஷம் மெல்லிசைக் குழுக்களில் கிதார் வாசித்திருக்கிறேன். கல்யாணக் கச்சேரி, கோயில் திருவிழா, சர்ச் விழா என்று வடாற்காட்டில் நான் ஏறாத மேடை குறைவு. இப்போது மனைவியின் பள்ளிக்கூட வேலையை ஒட்டி இந்த மலைமேல் குடியிருக்கிறோம். அவனுக்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. முதலில் நினைவுக்கு வந்தது என் விரல்கள்தான்.

1996இல் சென்னையில் ஒரு கடையில் கிதார் வாங்கினேன். ஆறு மாதம் கச்சேரி வாசித்துச் சேர்த்த பணம். "ஒரிஜினல் எபனி போர்டு சார்" என்றார்கள். எபனி என்றால் நம் கருங்காலி. அந்தக் கருப்பைப் பார்த்த மாத்திரத்தில் மனம் விழுந்துவிட்டது. அதை வாசித்த நாட்களில் ஒவ்வொரு சுரமும் கணீரென்று தனித்து விழுவதாக நினைத்தேன். கூட வாசித்தவர்களிடமும் சொன்னேன், அவர்களும் ஆமாம் என்றார்கள். அந்த வருஷம் வைகாசியில் ஆரணிப் பக்கம் ஒரு திருவிழா. மேடையில் காற்றே இல்லை. மூன்றாவது பாட்டு முடிந்து வேர்வையைத் துடைத்தபோது வெள்ளைச் சட்டையின் கையில் கரிக்கோடு போல நான்கு தடம். விரல் நுனிகள் கருத்திருந்தன. பலகையில் பூசிய சாயம் வேர்வையில் இளகி, இரண்டாம் மெட்டுக்கும் மூன்றாம் மெட்டுக்கும் நடுவே வெளிறிய மரம் எட்டிப் பார்த்தது.

இன்று கருங்காலி மாலை விற்கிறவர்கள் தண்ணீரில் போட்டு நிறம் இறங்குவதைக் காட்டி, அதனால்தான் அசல் என்கிறார்கள். எனக்கு அன்று நிறம் இறங்கித்தான் பொய் தெரிந்தது. ஏமாந்த பணத்தைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொன்று. மறுநாள் அதே கிதாரை எடுத்து வாசித்தால் அந்தக் கணீர் இல்லை. கம்பி அதே கம்பி, ஆம்ப் அதே ஆம்ப். அப்படியானால் அத்தனை நாளும் நான் எதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்?

எலெக்ட்ரிக் கிதார் ஓசை எழுப்பும் முறையே வேறு. வீணைக்குக் குடம் உண்டு. சாதாரண கிதாருக்குக் கூடு உண்டு. கம்பியின் அதிர்வை மரம் வாங்கி, உள்ளே அடைபட்ட காற்றையும் சேர்த்து அதிரவைக்கிறது. அங்கே மரம் ஒரு பங்காளி. எலெக்ட்ரிக் கிதாரில் கம்பிக்குக் கீழே பிக்கப் என்று ஒரு பெட்டி இருக்கும். காந்தத்தைச் சுற்றித் தலைமுடி போன்ற செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் கலைகிறது, சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஆம்ப் அதைத்தான் பெரிதாக்கித் தருகிறது. காந்தத்துக்கு இரும்பைத் தெரியும், மரத்தைத் தெரியாது.

இதை அக்கா மகனுக்கு நான் விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சாமை கொண்டுவந்து கொடுத்துவிட்டு டீக்குக் காத்திருந்தார். ஏர் செய்வார், உரல் குடைவார், வீட்டுக்கு மோடு போடுவார். மரத்தைத் தட்டிப் பார்த்தே வைரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். என் கிதாரை வாங்கிக் குப்புறப் போட்டு, மடக்கிய விரலால் மூன்று இடத்தில் தட்டினார்.

"என்ன தம்பி, உள்ள கூடே இல்லியே. கட்டையா கெடக்குது. சத்தம் எங்கருந்து வரும்?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் இப்படித் தொட்டுத் தட்டிக் கேட்டதில்லை. சரி, செய்தே பார்த்துவிடுவோம் என்றேன். மறுநாள் காலை அவர் ஒரு பலாப் பலகையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். காற்றில் சாய்ந்த மரத்தை அறுத்துக் கதவு செய்தது போக மீந்தது. என்னிடம் உடைந்த கிதாரிலிருந்து கழற்றிய பிக்கப் ஒன்றும் ட்யூனிங் கீ ஒன்றும் கிடந்தன. பலகையின் ஒரு முனையில் திருகாணி அடித்துக் கம்பியை மாட்டி, மறுமுனையில் கீயை வைத்து முறுக்கினோம். கம்பி மேடேறி நிற்க இரண்டு பக்கமும் ஒவ்வொரு போல்ட். போல்ட்டுகளுக்கு நடுவே சரியாக 25½ அங்குலம், பல கிதார்களில் இருக்கும் அதே நீளம். பிக்கப்பைக் கீழே செருகி, பேட்டரி ஆம்பில் ஒயரைச் சொருகினேன்.

அக்கா மகனைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு முதலில் என் கிதாரில் அதே கம்பியை மீட்டினேன். பிறகு பலகையை. மறுபடி கிதார், மறுபடி பலகை. நான்காவது முறைக்குப் பிறகு, "எது எதுன்னு சொல்ல முடியல மாமா" என்றான். அப்புறம் இரும்புக் கம்பியைக் கழற்றிவிட்டு நைலான் கம்பியைக் கட்டினேன். அது நன்றாகவே துடித்தது, ஆனால் ஆம்பில் ஒரு முணுமுணுப்பும் வரவில்லை.

பெரியவர் பலகை மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மரம் பாடல தம்பி. கம்பிதான் பாடுது. மரம் அதை இழுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்குது."

நாங்கள் செய்தது புதிதொன்றும் இல்லை. 1940ஐ ஒட்டி லெஸ் பால் என்ற அமெரிக்கக் கலைஞர், நான்கு அங்குலத்துக்கு நான்கு அங்குலப் பைன் சட்டத்தில் கம்பி கட்டிப் பிக்கப் வைத்து வாசித்தார். அதற்குக் 'கட்டை' என்றே பெயர். வெறும் சட்டத்தைக் கண்டு ஜனங்கள் முகம் சுளித்ததால், வேறொரு கிதாரை இரண்டாக அறுத்து இரு பக்கமும் ஒட்டினார். கேட்பவர்கள் கண்ணுக்காக ஒட்டிய இறக்கைகள் அவை. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் நடந்த சோதனை இன்னும் கறாரானது. பின்பலகை, பக்கப்பலகை மரம் மட்டும் மாறிய ஆறு சாதாரண கிதார்களைச் செய்யச் சொன்னார்கள். பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட் முதல் மலிவான மரம் வரை அதில் உண்டு. மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு 52 கிதார் கலைஞர்கள் வாசித்தார்கள். விலை கூடிய மரம் மேல் என்று அவர்கள் காதுகள் சொல்லவில்லை. முடிவு 2018இல் வெளியானது. கூடுள்ள கிதாரிலேயே இப்படியென்றால், கூடில்லாத கிதாரின் விரல் பலகைக்கு ஒன்றரை லட்சம் எதற்கு?

மரத்தால் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். விரல் பலகை கெட்டியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் கம்பி உரசி உரசிக் குழி விழும். கழுத்து மழைக்கும் வெயிலுக்கும் வளையக்கூடாது. மூன்று மணி நேரக் கச்சேரியில் நான்கு கிலோ கிதார் தோளை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். நன்றாக இழைத்த பலகையில் விரல் ஓடும் சுகமும் உண்மை. ஆனால் இவை எதற்கும் அபூர்வ மரம் வேண்டியதில்லை. நன்றாக உலர்ந்த, நேர்வரி ஓடும், கைப்பக்குவம் தெரிந்தவர் இழைத்த மரம் போதும். தஞ்சாவூரில் ஒரே பலாக்கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணைக்கு விலை அதிகம். அந்த விலையில் ஆசாரியின் நாட்கள் இருக்கின்றன, ஒட்டே இல்லாமல் குடைந்தெடுக்கும் கைத்திறமை இருக்கிறது. அதைக் கொடுக்கலாம்.

பிரேசில் ரோஸ்வுட்டின் கதை வேறு. 1950களில் அமெரிக்கக் கம்பெனிகள் விலையைப் பெரிதாக நினைக்காமல் விரல் பலகைக்குப் போட்ட மரம் அது. பிரேசிலின் அட்லாண்டிக் கரைக் காடு அழிந்து மரம் அருகியது. மார்ட்டின் கம்பெனி 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. நீலகிரி, வயநாடு, குடகுத் தோட்டங்களில் காபிக்கு நிழல் தரும் நம் ஈட்டி மரம்தான் அது. 1992இல் பிரேசில் மரம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் ஏறியது. புலியும் யானையும் இருக்கும் பட்டியல் அது. அந்த மரத்தின் ஓசையைப் பற்றிய புகழ்ச்சி, மரம் குறையக் குறைய ஏறியது. ஓசைக்காக மரம் தேடப்பட்டது என்பதைவிட, கிடைக்காததால் அதில் ஓசை கேட்கத் தொடங்கியது என்பதே என் எண்ணம். என் 1996 கிதார் எனக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான்.

கேமரூனில் நடந்ததைப் படித்தபோது என் விரல் கருப்பு மறுபடி ஞாபகம் வந்தது. கிதார்காரர்களுக்கு வேண்டியது ஒரு கோடும் இல்லாத சுத்தக் கருப்புக் கருங்காலி. ஆனால் உள்ளே கருப்பா, பழுப்புக் கோடு ஓடியதா என்று வெட்டினால்தான் தெரியும். 2011இல் டெய்லர் கிதார் கம்பெனியின் பாப் டெய்லர் அங்கே ஒரு மர அறுவை ஆலையில் பங்கு வாங்கினார். ஒரு கருப்பு மரம் கிடைக்கப் பத்து மரம் வெட்டப்படுகிறது, கோடு ஓடிய மற்றவை காட்டிலேயே விழுந்து கிடக்கின்றன என்று அவருக்குத் தெரியவந்தது. அதற்குப் பிறகு கோடு ஓடிய மரத்தையே தன் கிதார்களில் போடத் தொடங்கினார். அந்தக் கோட்டால் ஓசை கெடுவதில்லை. அத்தனை வருஷமாக அத்தனை மரம் சாய்ந்தது கண்ணுக்காக மட்டும்.

இதையெல்லாம் பெரியவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் போனில் அந்தச் சிங்கப்பூர் கிதாரின் படத்தை விரித்து விரித்துப் பார்த்தார். "மரம் நல்ல மரந்தான். இத வெட்டினவன் எந்த ஊரு?" என்றார்.

அக்கா மகன் என்னைப் பார்த்தான். கடைக்காரர் எழுதியிருந்த விவரத்தில் பிக்கப்பின் பெயர் இருந்தது, வார்னிஷின் பெயர்கூட இருந்தது. இது இல்லை.

இந்த மலையில் அந்தக் கேள்வி யாருக்கும் சும்மா வராது. ஒரு காலத்தில் ஜவ்வாது மலை என்றால் சந்தனம். சந்தனம் போன பிறகு இங்கிருந்து ஆட்கள் போனது செம்மரத்துக்கு. செம்மரம் இங்கே விளைவதல்ல, ஆந்திரத்தில் சேஷாசலம் காட்டுப் பக்கம் விளைவது. அதில் அலை வரி ஓடும் கட்டைக்குத் தனி விலை. அந்தக் கட்டை சீனாவில் நாற்காலியாகிறது. ஜப்பானில் சாமிசென் என்ற மூன்று கம்பி வாத்தியத்தின் கழுத்தாகிறது. அந்தக் கழுத்துக்கு இதைவிட உயர்ந்த மரம் இல்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். 1995 முதல் செம்மரமும் சைட்டிஸ் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மானாவாரிச் சாமையும் புளியும் வருஷம் முழுக்கச் சோறு போடாத வீடுகளுக்கு ஆள் பிடிக்கும் மேஸ்திரிகள் வருகிறார்கள். மிளகு பறிக்கப் போகிறேன், கட்டட வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு ஆட்கள் லாரி ஏறுகிறார்கள். 2015 ஏப்ரல் 7 விடியற்காலை சேஷாசலம் காட்டில் ஆந்திர செம்மரக் கடத்தல் தடுப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். 20 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள், பெரும்பாலும் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் மலைக்காரர்களும் அடிவாரத்துக்காரர்களும். வாத்தியம் வாங்கியவன் பெயரோ கப்பல் ஏற்றியவன் பெயரோ அந்த விடியலில் யார் வாயிலும் வரவில்லை.

பெரியவரின் தம்பி மகனும் ஒரு முறை போய், பல மாதம் ஆந்திரச் சிறையில் இருந்துவிட்டு வந்தவன். அதைப் பற்றி அவர் பேசமாட்டார். அன்றும் பேசவில்லை.

ஆகவே அக்கா மகனிடம் நான் சொன்னது இதுதான். மரத்தின் பெயர் உன் காதுக்கு எதையும் தரப்போவதில்லை. ஆனால் பெயரைச் சொல்லி விற்கிறவனிடம் அந்தப் பெயருக்கான காகிதத்தைக் கேள். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டிஸ் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. செய்து முடித்த வாத்தியங்களுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது, ஆனால் பிரேசில் மரத்துக்கு அந்த விலக்கு இல்லை. அது எல்லை தாண்டவேண்டுமானால் தடைக்கு முந்தைய மரம் என்று சான்றிதழ் வேண்டும். கிப்சன் போன்ற பெரிய கிதார் கம்பெனியே மடகாஸ்கர் கருங்காலி விவகாரத்தில் 2012இல் 3 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. நம் ஊரிலும் 1994 ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்த நிலத்து மரத்தை வெட்டவே அனுமதி வாங்கவேண்டும் என்று இருந்தது. மரம் உண்மையிலேயே அபூர்வம் என்றால் அதற்கு ஊரும் தேதியும் இருக்கும். அவை இல்லையென்றால் ஒன்று அது என் 1996 கருப்பைப் போன்ற பொய், இல்லையென்றால் பொய்யைவிட மோசமானது.

அன்றிரவே சிங்கப்பூருக்கு எழுதிக் கேட்டான். மறுநாள் மாலை பதில் வந்தது. முன்னால் வைத்திருந்தவர் பிரேசில் என்றுதான் சொன்னாராம். காகிதம் எதுவும் தன்னிடம் இல்லையாம். வேண்டுமானால் விலையில் கொஞ்சம் குறைத்துத் தருகிறாராம்.

அவன் பதில் எழுதவில்லை. திண்ணையில் உட்கார்ந்து பலாப் பலகையில் மறுபடி இரும்புக் கம்பியைக் கட்டி, சின்ன இரும்புக் குழாய்த் துண்டைக் கம்பிமேல் வழுக்கி ஒரு ராகத்தைத் தேடிக்கொண்டிருந்தான். பெரியவரைக் கூட்டிப்போக அவர் தம்பி மகன் வந்தான். வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வந்து பலகையின் விளிம்பைத் தடவினான்.

"என்னா மரம்ணா இது?"

"பலா. உங்க பெரியப்பா குடுத்தது."

ஒரு விரலால் கம்பியைச் சுண்டினான். அந்த ஓசை அடங்கும் வரை கேட்டுவிட்டு, இன்னொரு முறை சுண்டினான்.